விசாலத்துக்கு நான் சொன்ன அர்த்தம்

தும்மல் வந்தா தும்மிடுங்கோ வெங்கிடராமன், கூச்சப்படாதீங்கோ. கீழே சுக்கு கோடவுன், பக்கத்துக் கட்டடத்துல மிளகு. மட்டாஞ்சேரிக்குப் புதுசா வர்ற எல்லாருக்கும் மூக்கு இப்படித்தான் பண்ணும். தும்மலை வரவழைக்கிற பொருளுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை உண்டு, டார்மிக்னு. எழுதறப்போ முன்னால ஒரு 'பி' நிக்கும், அதை வாயில கொண்டுவரப்படாது. கிரேக்கத்துலேர்ந்து வந்தது. நிமோனியாவுக்கும் அதே கதைதான். உச்சரிக்காத எழுத்தை எதுக்கு சார் எழுதணும்னு எங்கிட்ட டியூஷன் படிக்கிற பசங்க கேப்பா. வம்சம் தெரிய வேண்டாமாடான்னு சொல்வேன்.

பம்பாயிலேர்ந்து இவ்வளவு தூரம் துக்கம் கேக்க வந்திருக்கேள். எழுபத்திமூணுல ஆலுவாவிலேர்ந்து இதே மாடிக்கு என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர் நீங்க. பதினோரு வருஷம் கழிச்சு மறுபடி படியேறி, விசாலத்துக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறேள். வர்றவாகிட்டெல்லாம் ஹார்ட்டு, ஹார்ட்டுன்னு சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. உங்ககிட்ட உள்ளதைச் சொல்லிடறேன். சாயா ஆறறதுக்குள்ள குடிச்சுடுங்கோ. நானே போட்டது, சுமாராத்தான் இருக்கும்.

நீங்க வந்து சம்மதம் சொல்லிட்டுப் போன கொஞ்ச நாள்ல ஒரு ஏகாதசி வந்தது. விசாலம் பச்சைத் தண்ணி பல்லுல படாம உபவாசம் இருந்துட்டு, கோவில் கூட்டத்துல வெயில்ல நின்னா. நின்ன இடத்துலேயே சாஞ்சுட்டா. ஒரு நர்சிங் ஹோமுக்குத் தூக்கிண்டு போனோம். அங்கே இருந்த டாக்டர் வடக்கத்திக்காரர். மலையாளமும் வராது, தமிழும் வராது, இங்கிலீஷ்தான். டாக்டர்கிட்ட பேசறது எங்காத்துல எப்பவும் ஆம்பிளை வேலை. அப்பா காலத்துலேயும் அப்படித்தான். அவர் உள்ளே போவார், அம்மா வராந்தாவுல காத்துண்டிருப்பா. விசாலமும் வராந்தா பெஞ்சுல உக்காந்திருந்தா.

டாக்டர் எங்கிட்ட சொன்ன வார்த்தை ஸிங்கபி. கடைசி எழுத்தை முழுங்கி ஸிங்கோப்னு சொன்னா தப்பு. கடாஸ்ட்ரஃபி, எபிடமி மாதிரி கடைசியில 'ஈ' கேக்கணும். அதுவும் கிரேக்கம்தான். ஸின்னா சேர்த்து, கோப்டைன்னா வெட்டறது. வெளியே வந்து விசாலத்துகிட்ட இதைத்தான் சொன்னேன். உனக்கு ஸிங்கபி, சேர்த்து வெட்டறதுன்னு அர்த்தம். ஹ்ருதயத்தோட ஓட்டத்தைச் சட்டுனு வெட்டிடும்.

அப்புறம் கொஞ்சம் சேர்த்துண்டேன். படி ஏறப்படாது, பிரசவம் தாங்காது, கல்யாணப் பேச்சே வேண்டாம். இதெல்லாம் டாக்டர் சொல்லலை. அவ அழலை. அந்த வார்த்தையை ஒரு தரம் வாய்க்குள்ள சொல்லிப் பாத்தா, பிசகில்லாம வந்தது. "இதுக்கு மருந்து உண்டாண்ணா?"ன்னு கேட்டா. ஜாக்கிரதைதான் மருந்துன்னேன்.

அந்த வாரமே ஆலுவாவுக்கு வந்து உங்கப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடிச்சிண்டு, "பெரிய மனசு ஓய் உமக்கு, மறைக்காம வந்து சொன்னீரே"ன்னார். நீங்களும் அங்கேதான் இருந்தேள். ஆலுவாவுல ஏதாவது ஒரு டாக்டர்கிட்ட கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பார். ஸிங்கபின்னா வெறும் மயக்கம், அவ்வளவுதான். வெறும் வயித்தோட வெயில்ல நின்னா உங்களுக்கும் வரும், எனக்கும் வரும். ஏதாவது சாப்பிடக் கொடுத்து ஆத்துக்குக் கூட்டிண்டு போங்கோன்னுதான் அந்த டாக்டர் சொன்னார். நீங்க விசாரிக்கலைங்கிறதை நான் குத்தமாச் சொல்லலை.

ஏன் பண்ணினேன்னு கேப்பேள். சமையலுக்கு ஆள் வேணுமேன்னு பண்ணினதா நினைச்சுடாதீங்கோ. ஹோட்டல் சாப்பாடு எனக்கு ஒத்துக்கும். நாள் பூரா பசங்களோட கத்திட்டு, சாயங்காலம் ஒரு வார்த்தையை எடுத்துண்டு உக்காருவேன். அவ அடுப்படியிலேர்ந்து திருப்பிச் சொல்வா. வயிறு கடமுடங்கறதுக்கு பார்பரிக்மஸ்னு ஒண்ணு உண்டு. அதைச் சொல்லி அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே, இருமல் வந்துடுத்து. பி.ஏ. படிச்சவனுக்கு வராத உச்சரிப்பு அவளுக்கு வரும், இத்தனைக்கும் படிக்கிறதெல்லாம் மலையாள வாரப் பத்திரிகைதான். அவளை உங்களோட பம்பாய்க்கு அனுப்பிட்டு நான் சுவத்துக்கிட்டயா வார்த்தை சொல்றது? என் நிலைமையும் கொஞ்சம் பாக்கணும் நீங்க.

அதுக்கப்புறம் அவ கீழே இறங்கறதையே விட்டுட்டா. இறங்கினா ஏறணுமே, அந்த பயம். ஜன்னல்லேர்ந்து கயித்துல கூடையை இறக்குவா. தெருவுல காய் விக்கிற சீனியம்மாள், சாத்தூர்ப் பக்கத்துக்காரி, வெண்டைக்காயும் முருங்கைக்காயும் அதுல போட்டு அனுப்புவா. ரெண்டு பேரும் மேலேயும் கீழேயுமா நின்னுண்டு பேசிண்டிருப்பா. கோவிலுக்கு எப்பவாவது நான் கையைப் பிடிச்சு அழைச்சுண்டு போவேன். ஒவ்வொரு படியா நின்னு நின்னு, மாரைப் பிடிச்சிண்டு ஏறுவா. நிஜமாவே மூச்சு வாங்கும் அவளுக்கு. அதைப் பாக்கறப்போ எனக்கே சந்தேகம் வந்துடும், ஒருவேளை டாக்டர்தான் கவனிக்கலையோன்னு.

போன மாசம் வயித்துவலின்னா. ஓமத்தண்ணி கொடுத்தேன், கேக்கலை. வலி வலதுபக்கம் இறங்கித்து, ஜுரம் அடிச்சுது. மறுநாள் வெத்தலைக் கொடி மாதிரி வாடிப்போய்ப் படுத்திருந்தா. கூடை இறங்கலைன்னதும் சீனியம்மாள் படியேறி வந்துட்டா. "சாரே, அக்கா மொகத்தப் பாத்தா பயமா இருக்கு. ஆட்டோ புடிச்சாரட்டா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்"னா. வேண்டாம், மருந்து கொடுத்திருக்கு, தூங்கட்டும்னு சொல்லி அனுப்பினேன். "தூங்குற மாதிரியா இருக்கு? நல்ல அண்ணன்"ன்னு முணுமுணுத்துண்டே போனா.

அவ போனப்புறம் விசாலத்தோட வயித்துல கை வெச்சுப் பாத்தேன். மிருதங்கத்து வார் மாதிரி விண்ணுனு இருந்தது. பெரிடோனைடிஸ். பெரின்னா சுத்தி, டோனோஸ்னா இழுத்துக் கட்டினது. குடலைச் சுத்தி இழுத்துக் கட்டின சவ்வு, அது அழன்று போனா வயிறு இப்படித்தான் ஆகும். எத்தனையோ பசங்களுக்கு அந்த வேரைப் பிரிச்சுச் சொல்லிக் கொடுத்திருக்கேன். இப்பதான் கையால தொட்டுப் பாத்தேன். ஆபரேஷன் பண்ணினா சரியாகும்னும் தெரியும்.

"அண்ணா, இதுவும் ஸிங்கபிதானா?"ன்னு கேட்டா. ஆமாம்னேன். அப்பவும் அந்த 'ஈ'யை அவ விடலை.

ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டு போகலைன்னா, இப்போ அங்கே புதுசா ஒரு டாக்டர் வந்திருக்கான். இந்த ஊர்ப் பையன், மலையாளத்துல பேசறவன். கூட வந்தவா பக்கம் திரும்பவே மாட்டான், நோயாளி கிட்டயே எல்லாத்தையும் கேப்பான், எல்லாத்தையும் சொல்வான். முன்னாடி ஏதாவது வியாதி உண்டா சேச்சின்னு முதல் கேள்வியே அதுதான். எனக்கு ஸிங்கபி டாக்டர், பதினோரு வருஷமா மாடியை விட்டு இறங்கறதில்லைன்னு இவ சொல்வா. அவன் சிரிப்பான். சிரிச்சுண்டே அர்த்தத்தைச் சொல்லிடுவான்.

அதனால அவளுக்கு நினைவு தப்பறவரைக்கும் பக்கத்துலேயே உக்காந்திருந்தேன். தப்பினதுக்கு அப்புறம் ஆட்டோ கூப்பிட்டேன். நேத்தே கொண்டு வந்திருந்தா நானே காப்பாத்தியிருப்பேனே சாரேன்னு அந்தப் பையன் கண் கலங்கிட்டான். நல்ல பையன். என்னைச் சமாதானப்படுத்த டீ வாங்கிக் கொடுத்தான்.

எழுந்துக்காதீங்கோ, முடிஞ்சுது. கொன்னது நான்தான். உங்ககிட்ட மறைக்கலை, போலீஸ் கேட்டாலும் மறைக்கப் போறதில்லை, எனக்கு அதுக்குத் தெம்பு கிடையாது. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்கோ. பிழைச்சிருந்தா எல்லாம் அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். படியிறங்கி, என் மூஞ்சியில முழிக்காம எங்கேயாவது போயிருப்பா. கூடப்பிறந்தவனை வெறுத்துண்டு உயிரோட இருந்து அவளுக்குத்தான் என்ன சுகம், நீங்களே சொல்லுங்கோ.