ஜரிகை கறுக்காது

...சாம்பல் கலரெல்லாம் துக்கத்துல சேராதாம். யாரு சொன்னா? எதிர்க்கடை பூன்மா. ராஜா போன மறுநாள்லேர்ந்து இந்தத் தோன்புரி சந்தையில அவதான் துக்கத்துக்கு அதிகாரி. வர்றவ போறவ சட்டையெல்லாம் தடவிப் பாக்கறா. அவ நாய்க்குக்கூட கறுப்பு ரிப்பன். அது பாவம், வெயில்ல நாக்கத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்குது.

அந்த வாளியக் கவுத்துப்போட்டு உக்காரு தங்கச்சி. உன் மூட்டைய இப்பத்தான் அப்படியே அண்டாவுல கவுத்திருக்கேன். பட்டுங்கறே, பதமாத்தான் கிண்டணும். கடையில கறுப்புத் துணி கெடைக்கல, ஊரே இருக்கற சட்டையத் தூக்கிக்கிட்டு இங்க வருது. நூடுல்ஸ் வெந்த அண்டா இது. இப்ப சாயம் வேகுது.

நானும் அழுதேன், இல்லேங்கல. பொறந்ததுலேர்ந்து வீட்டுச் சுவத்துல பாத்த முகம். டி.வி.ல சொன்னதும் கரண்டியக் கீழ போட்டுட்டு அழுதேன். ஆனா அதோட என் வீட்டுக் கல்யாணமும் சேந்து போச்சே, அத யாரு கேட்டா?

ஒரே பொண்ணு, ஜின்டனா. மாப்பிள்ள விரோட், ஆத்துல படகோட்டறான், நல்ல பையன். கரும்பும் வாழக்கன்னும் தூக்கிக்கிட்டு, நீள மத்தளம் அடிச்சு, மாப்பிள்ள கூட்டம் ஆடிக்கிட்டே இந்தச் சந்தைய ஒரு சுத்து சுத்தி வரணும். பூன்மா வயிறு எரியணும். அவ பொண்ணு கல்யாணத்துல ரெண்டு மத்தளம். நான் ஆறு சொல்லி வெச்சிருந்தேன்.

துக்கம்னு சர்க்கார்ல ஆட்டம் பாட்டம் வேணாம்னுட்டாங்க. சம்பந்தியம்மா என்னடான்னா, காலையில பிக்குகளக் கூப்பிட்டு, கையில தண்ணி ஊத்தி ஆசீர்வாதம் பண்ணி, சத்தமில்லாம முடிச்சிடலாங்கறா. சத்தமில்லாம முடிக்க இது என்ன களவா? துக்க வருஷம் கழியட்டும்னுட்டேன். பொண்ணு மொணமொணன்னா. கல்யாணத்துக்கே தடை, மீறினா பிடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு சொல்லி வெச்சேன்.

அப்படித் தடை இல்லதான். ஏன் அப்படிப் பாக்கறே? மத்தளம் வேணாம்னாங்கல்ல, பாதி உண்மைதானே. அவளுக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. துணிமணிய எடுத்துக்கிட்டு சித்தி வீட்டுக்குப் போனவதான், இந்த வாசப்படி மிதிக்கல. "ஊரு ராஜாவுக்கு அழுவுது, நீ மத்தளத்துக்கு அழுவறே"ன்னுட்டுப் போனா. பெத்த தாயப் பாத்து.

சரி, வெந்திருக்கும், தூக்குவோம். நல்லாத்தான் பிடிச்சிருக்கு. கரையில ஜரிகை மட்டும் அப்படியே மினுக்குது. அது கறுக்காது, ஜரிகையில சாயம் ஏறாது... இரு. இந்த ஓரத் தையல்... இது என் கைத்தையலாச்சே. இந்தக் கோணல் எனக்குத்தான் வரும்.

இத உனக்கு யாரு குடுத்தா? ...விரோட் குடுத்தானா? அவனுக்கு நீ என்ன வேணும்? ...பெரியம்மா மகளா. ...கல்யாணம் நாளைக்கேவா. பதிவு ஆபீஸ்ல கையெழுத்து, அவ்வளவுதானா.

தெருவுக்குத் தெரு சாய அண்டா வெச்சிருக்கான். என் அண்டாவுலதான் போடணும்னு ஜின்டனாவே சொல்லி அனுப்பினாளா? குத்திக் காட்டறாளா, கூப்பிடறாளா? ...உனக்கும் தெரியலயா.

நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே என் பொண்ணு கல்யாணப் பட்டக் கிண்டியிருக்கேன் பாரு.

சொட்டுது, இந்தப் பைய வெச்சுக்கோ. நிழல்ல காயப் போடச் சொல்லு. எத்தன மணிக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. கட்டிக்க எனக்குக் கவலையில்ல, இருக்கறதெல்லாம் கறுப்புதான். அம்மா வருவான்னு சொல்லு. சத்தமில்லாம வந்து ஓரமா நிப்பான்னு சொல்லு.