பாட்டில் அறுந்த இழை

அம்மன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும் வரிசை. எனக்கு முன்னால், நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துப் பெண்கள் இருவர்.

"அந்தப் பாட்டுல இழை அறுந்துடுச்சுக்கா" என்றாள் இளையவள். ஒட்டுக்கேட்பது பாவம்தான். மன்னிப்பை உள்ளே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எந்தப் பாட்டும்மா?"

"எங்க வூட்டுக்காரரு தறியில குந்திக்கினு, சொந்தமா பாட்டு கட்டி, போன்ல பதிஞ்சு நெட்ல போடுறாரே, அதுல ஒண்ணு. பாதிப் பாட்டுல பட்டு இழை அறுந்துச்சு. தறியையும் பாட்டையும் நிறுத்திட்டு முடிச்சு போட்டாரு. அப்புறம் விட்ட எடத்துலேர்ந்து பாடி, நடுவுல பாட்டு நின்னத வெட்டாம அப்படியே ஏத்திட்டாரு."

"அய்யய்யோ, கேட்டவங்க திட்டுனாங்களா?"

"எங்க? அந்த மௌனத்துல அழுதுட்டோம்னு எழுதறாங்க, எங்கெங்கியோ இருந்து."

"நல்லதுதானேம்மா?"

"என்னத்த நல்லது? இப்ப பாட்டுக்கு ஒரு இழைய அவரே அறுக்கறாரு."

வரிசை இரண்டடி நகர்ந்தது.

"இப்ப தறியில என்னா ஓடுது?"

"முகூர்த்தப் புடவைக்கா, அதுலயும் ஒரு இழைய அறுத்து முடிச்சு போட்டுட்டாரு. அதக் கட்டிக்கப்போற பொண்ணு காதுல இந்தப் பாட்டு விழக்கூடாதுன்னுதான் அர்ச்சனை பண்ண வந்தேன்."