கலுங்கின் மேல் கட்டிய கிட்டங்கி

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் மொக்கைச்சாமி அவர்களே, தாய்மார்களே, மந்தைக் கண்மாயை நம்பிப் பிழைக்கும் ஊராரே, வணக்கம். மாலையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பஞ்சு வியாபாரி அய்யாத்துரை அவர்களே, உங்களுக்கும் வணக்கம். உங்களிடம் பேசவே வந்தேன்.

மடைக்காரர் ஒச்சாண்டி இறந்து பதினோரு நாள் ஆகிறது. ஊர் நடுவே கிடக்கும் கண்மாயை முப்பது ஆண்டுகள் காத்தவர். காத்தவர் என்றால் பூட்டி வைத்தவர் அல்லர். துணி வெளுக்க ஒரு கரை, மாடு குளிக்க ஒரு கரை. நாரை கூடு கட்டும் கருவேலம் பக்கம் மட்டும் எவருக்கும் வழியில்லை. கோடையில் நீர் வற்றினால் சந்தைக்காரர்களைப் பந்தல் போட விட்டார். "கம்பு ஊண்டுங்க, கல்லு ஊண்டாதீக. ஐப்பசியில தண்ணி வந்தா கம்பப் பிடுங்கிறலாம், கல்லப் பிடுங்க முடியுமா?" என்பார். இதைவிட நல்ல சட்டம் எந்தக் கோர்ட்டுக் கச்சேரியில் இருக்கிறது?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பங்குனியில் அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். "இது என்ன இடம்?" என்றார். ஒச்சாண்டி, "இப்பச் சும்மா கெடக்குங்கய்யா" என்றார். தண்ணீருக்காகக் காத்துக் கிடக்கிறது என்பது அவர் சொன்னதன் பொருள். குமாஸ்தா 'தரிசு' என்று எழுதிக்கொண்டார். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்து பக்கத்தில் நின்றவர் நீங்கள், அய்யாத்துரை. வாய் திறந்தீர்களா?

அந்த ஒரு சொல்லில் பட்டா வாங்கினீர்கள். மிகுதி நீர் வெளியேறும் கலுங்கை அடைத்து, பஞ்சு மூட்டைகளை அடுக்கிவைக்கக் கிட்டங்கி கட்டினீர்கள். கேட்க வந்தவரைக் கடைவாசலில் வைத்து என்ன சொன்னீர்கள்? "ஏலே ஒச்சாண்டி, சும்மா கெடக்குன்னு நீதானலே சொன்ன?" கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் சிலர் இன்று இங்கே கண்ணைத் துடைக்கிறார்கள்.

இந்த ஐப்பசியில் போக வழியில்லாத வெள்ளம் கீழத்தெருவுக்குள் புகுந்தது. வீடுகளைக் காக்க, கலுங்கை அடைத்த சுவரை உடைக்க அவர் ஒற்றை ஆளாகப் போனார். சுவரில் ஒரு பக்கம் மட்டும் இடிந்து அவர் மேல் விழுந்தது.

உங்களோடு எனக்குப் பழைய பகை உண்டு. அதற்காகப் பேசவில்லை என்றால் அது பொய். மன்னிப்பது பெருந்தன்மை என்பார்கள்; எனக்கு அது வேண்டாம். அந்த மாலையை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அவர் படத்தின் மேல் அது விழாது.

இனி மடையை அவர் மனைவி கருத்தம்மாள் திறப்பார். ஊர் அவர் சொல்படி நடக்கும். உங்கள் பஞ்சை இன்றே அப்புறப்படுத்துங்கள். நாளை விடிந்ததும் முந்நூறு பேர் கலுங்கைத் திறக்க வருகிறோம். வழக்குப் போடுங்கள். முதல் எதிரியாக என் பெயரை, வக்கீல் கர்ணன் என்று எழுதுங்கள்.