ஹார்லன் ஊதிய கிளாஸ்

— நம்ம கல்யாண நாளுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, நெட்டி. அதுக்குள்ள எதுக்கு அந்தக் கிளாஸ எடுத்துட்டு வந்திருக்கே?

— ரெண்டு மாசம் கழிச்சு எந்தத் தொண்டையால பாடறது, ஹார்லன்? உன் தொண்டையாலயா?

— அப்படியெல்லாம் பேசாத.

— வேற எப்படிப் பேச? நாளைக்குப் பிட்ஸ்பர்க் ஆஸ்பத்திரியில குரல்வளைய மொத்தமா எடுக்கப்போறாங்க. பேச்சுக்கே வழியில்ல, பாட்டுக்கு எங்க போறது? வருஷா வருஷம் பண்றத இந்தத் தடவ முன்னாடியே பண்ணிடுவோம். உக்காரு.

— சரி சரி. டாக்டர் தொண்டைய அலட்டிக்கக் கூடாதுன்னாரே.

— நாளைக்கு வெட்டி எறியப்போறத இன்னிக்குப் பொத்திப் பொத்தி வெச்சு என்ன பண்ண? கட்டி கீழ இருக்கு, குரல இன்னும் தொடலன்னு அவரேதான சொன்னாரு.

— பெப்பரோனி ரோல் சூடா இருக்கு. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் பாடேன்.

— இதப் பாரு மனுஷா, தின்னுட்டுப் பாடினா ஏப்பம்தான் வரும். மழுப்பாத. முதல்ல அந்த ஃபேன நிறுத்து.

— சரி சரி, நிறுத்தியாச்சு. இந்தா, இதக் கண்ணுல மாட்டிக்கோ.

— கிளாஸ் ஃபாக்டரியில ஊதறப்போ போட்டுட்டிருந்த கண்ணாடியா? ஃபாக்டரியே மூடிட்டான், இத இன்னும் விடலையா நீ?

— சில்லு பறந்தா கண்ணு போயிடும்.

— இத்தன வருஷத்துல எங்க பறந்துச்சு சில்லு?

— எப்படிப் பறக்கும்? நான் ஊதின கிளாஸாச்சே. கல்யாணத்துக்கு முன்னாடி, அந்த ஃபாக்டரி பிக்னிக்ல உங்கிட்ட என்ன சொன்னேன்?

— "மனுஷக் குரலுக்கு உடையற கண்ணாடிய நான் ஊதறதில்ல." அப்படி ஒரு தலைக்கனத்த நான் பாத்ததே இல்ல. மீசையில உருளைக்கிழங்கு சாலட் வேற ஒட்டிட்டிருந்தது.

— நீ மட்டும் என்னவாம்? "என்னிக்காவது உடைச்சுக் காட்டறேன். உடைச்சா நீ சர்ச் கொயர்ல வந்து பாடணும்"னு மல்லுக்கு நின்னே.

— நல்ல வேளை, இதுவரைக்கும் கொயர் தப்பிச்சுது. நீ பாடினா ஒஹாயோ ஆத்துல போற படகெல்லாம் என்னமோ ஆபத்துன்னு கரைக்கு வந்துடும்.

— சிரிக்காத. வலிக்கும்.

— வலிக்கல. ஆனா ஒண்ணு, நான் சொன்னப்போ உன் கூட்டாளிங்க எல்லாரும் முடியவே முடியாதுன்னு சிரிச்சாங்க. நீ சிரிக்கல.

— ஏன்னா முடியும். ஒவ்வொரு கிளாஸுக்கும் தன்னோட சுருதின்னு ஒண்ணு இருக்கு. தட்டினா அதுவே பாடிக் காட்டும். அதே சுருதிய, பிசகாம, பலமா, விடாம குடுத்தா கண்ணாடி ஆட ஆரம்பிச்சிடும். ஊஞ்சல் வர்ற நேரம் பாத்துத் தள்ளுவோமே, அந்த மாதிரி. ஒரு கட்டத்துக்கு மேல அதால தாங்க முடியாது. ஆனா மைக்கு இல்லாம, வெறும் தொண்டையில அவ்வளவு குரல் எடுக்கறது லேசில்ல.

— வருஷா வருஷம் இந்தப் பிரசங்கம். தட்டு.

— டிங். கேட்டியா?

— ம்ம்ம்... புடிச்சிட்டேன். ஸ்ட்ராவ உள்ள போடு.

— போட்டாச்சு. இப்ப ஆடாம நிக்குது. சுருதி சேந்தா குதிக்கும். கிளாஸ் விழுந்துடாம நான் பிடிச்சுக்கறேன், எப்பவும் போல.

— எப்பவும் போல.





— பாடேன், நெட்டி.

— ஆ... ஆ... ஆ...

— ஸ்ட்ரா ஆடுது. எப்பவும் லேசாத்தான் அசையும், இது என்ன இப்படிக் குதிக்குது? நெட்டி, கிளாஸ் துடிக்குது, என் விரல்ல தெரியுது. போதும். நிறுத்து. நிறுத்துன்னா கேளேன்...

— என்ன பண்ணே நீ? ரெண்டு கையாலயும் பொத்திட்டியே. இன்னும் ஒரு மூச்சுல போயிருக்கும்.

— போயிருக்கும். அதான் பொத்தினேன்.

— இங்க பாரு. என்னப் பாரு. அழறியா?

— பாதியில நிக்கிற வேலைய விட்டுட்டுப் போற பொம்பள இல்ல நீ. இது உடையாம இருந்தா, நாளைக்கு அந்த ஆபரேஷன் மேஜையிலேருந்து நீ எப்படியும் எழுந்து வந்துடுவேன்னு தோணுச்சு. எனக்குப் பயமா இருக்கு, நெட்டி.

— எனக்கு மட்டும் இல்லையா? கைத்துண்டு அங்க இருக்கு. மூக்கத் தொடச்சுக்கோ.

— இன்னொண்ணும் சொல்லிடறேன். திட்டாத. விழாமப் பிடிச்சுக்கறேன்னு சொல்லி, வருஷா வருஷம் கட்டைவிரல கிளாஸ் வயித்துல ஒட்டி வெச்சிருந்தேன். விரல் பட்டா கண்ணாடி ஊமையாயிடும். நீ எப்படிப் பாடியிருந்தாலும் உடைஞ்சிருக்காது. இன்னிக்குத்தான் மனசு கேக்காம அந்த விரல எடுத்துட்டு, காம்ப மட்டும் பிடிச்சேன்.

— ஏனாம்? கொயர்ல வந்து நிக்கப் பயமா?

— அது இல்ல. உடைஞ்சுட்டா, அடுத்த வருஷம் எனக்கு முன்னாடி இப்படி நேருக்கு நேரா நின்னு பாட மாட்டியே.

— பைத்தியக்கார மனுஷா. ரெண்டாவது வருஷமே அந்தக் கட்டைவிரலப் பாத்துட்டேன்.

— பாத்துட்டியா? பின்ன ஏன் ஒரு வார்த்த கேக்கல?

— கேட்டா எடுத்துடுவே. எடுத்தா உடைஞ்சிடும். அடுத்த வருஷம் உனக்கு மட்டும்தான் வேணுமா? என்னிக்காவது உன் விரல் வழுக்கிடுமோன்னு, சுருதிய ஒரு மயிரிழை கீழ எறக்கித்தான் பாடினேன். குரலையும் பாதிதான் குடுத்தேன்.

— பாதியா? இத்தன வருஷமா நான் கேட்டதெல்லாம் பாதிதானா?

— சர்ச்சுல, பக்கத்துல நிக்கறவங்களோட கலக்கணும்னு அடக்கிப் பாடினேன். வீட்டுல, உன் கிளாஸுக்காக.

— அப்போ இப்பப் பாடினது?

— இன்னிக்குத்தான் சுருதிய விட்டுக்குடுக்காமப் பாடினேன். முழுசா எடுக்கறதுக்குள்ள நீ பொத்திட்டே.

— கிளாஸ் போயிடும், நெட்டி.

— போகட்டும். மேஜையிலேருந்து எழுந்து வர எனக்கு ஒரு காரணம்தான வேணும்? நீ கொயர்ல நின்னு பாடற கண்றாவிய நான் பாக்காம விடுவேனா?

— வருவியா?

— என் கூடவே குடும்பம் நடத்தியிருக்கே, ஆனா என் குரல ஒரு தடவ கூட நீ கேட்டதில்ல, ஹார்லன். இப்பக் கேளு. கைய எடு.