புதுப் பதிப்பில் அம்மா

— கூடப் பிறந்த தங்கச்சிகிட்டயே பொய் சொல்லாதே அச்சாச்சா. வீடியோவுல இருந்த அம்மா குரல் தானா எங்கே போகும்? அதுக்கென்ன காலா முளைச்சிருக்கு?

— நீ கேளு லின்சி. வீடியோ வெட்டி ஒட்டுற சாஃப்ட்வேருக்குப் புதுப் பதிப்பு வந்துச்சு. பக்கத்து வீட்டுக் குழந்தை கொச்சுமோன் ஞானஸ்நான வீடியோவுக்காக அதை ஏத்தினேன். பழசு போயிடுச்சு. பழசுல படத்துக்கு அடியில தனியா ஒரு சத்தத்தை ஓட்டலாம். இதுல அந்த வசதியை எடுத்துட்டான் படுபாவி.

— புதுசுன்னா கூடத்தானே குடுப்பான்? இருக்கிறதைப் பிடுங்கிட்டுப் புதுசுன்னு யாராவது பேர் வைப்பானா?

— வெச்சிருக்கானே! ஊரே திட்டுது. நான் என்ன பண்ணட்டும்?

— சரி, அம்மா கேமரா முன்னால உட்கார்ந்து பேசினா, குரல் படத்தோடதானே இருக்கணும்? தனியா ஒரு சத்தம் எதுக்கு?

— அது... கேமரா மைக் சரியில்ல. தனியாப் பதிஞ்சு சேர்த்தேன்.

— அந்தக் கேமராவைக் குவைத்துலேருந்து வாங்கி அனுப்பினவளே நான்தான். மைக் சரியில்லையாம். கூட்டி வை சத்தத்தை. இன்னும். கேட்டியா? கோழி கேறுது. அடுக்களையில யாரோ மிளகாய் இடிக்கிறது காதுல விழுது. கோழி முதல் உலக்கை வரை எல்லாத்துக்கும் வாய் இருக்கு, என் அம்மாவுக்கு மட்டும் இல்லையா?

— உன்கிட்ட இருந்த டிஸ்க் எங்கே? அதைப் போட்டுப் பார்க்க வேண்டியதுதானே.

— பார்த்துப் பார்த்தே கீறல் விழுந்துடுச்சு. அதனாலதானே இன்னொண்ணு போட்டுக் குடுன்னேன். கேட்டதும் உன் முகம் போன போக்கை அப்பவே கவனிச்சேன். அம்மா அடக்கத்துக்கு லீவு குடுக்கல, நாற்பத்தொண்ணாம் நாள் ஜெபத்துக்காவது வந்துட்டேன்னு பார்த்தா, நீ இருந்ததையும் அழிச்சு வெச்சிருக்கே.

— மாதா சத்தியமா அழிக்கல மோளே.

— மாதாவை இழுக்காதே. எனக்குத் தெரியும். அம்மா 'ஒரு தடவை வந்துட்டுப் போடி'ன்னு சொல்லியிருப்பா. அதை வெட்டிட்டு மிச்சத்தை அனுப்பியிருக்கே. இப்போ முழுசும் நான் பார்த்துடுவேன்னு பயம்.

— அப்படி அவ சொல்லவே இல்ல!

— அப்போ ஓட விடு... இரு, இதென்ன? என் டிஸ்க்குல அம்மாவோட கண்ணும் நெத்தியும்தானே தெரியும். அச்சாச்சன் ஏதோ சினிமாக்காரன் மாதிரி பண்ணியிருக்கான்னு நினைச்சுச் சிரிச்சேன். இங்கே மேல்லேருந்து கீழ வரை தெரியுது.

— பழசுல படத்தை நறுக்கிப் பெருசாக்கலாம். இதுல அதுவும் இல்ல. போதும் லின்சி, மூடிடறேன்.

— கையை எடு. மூடினா இந்தப் பெட்டியைத் தூக்கிக் கிணத்துல போட்டுடுவேன். அங்கேயே நிறுத்து. அந்த வாயைப் பாரு அச்சாச்சா.

— நான் பார்க்காததா? விடு.

— பாருங்கறேன்! வலப்பக்கம் தொங்கி எச்சில் வடியுது. வலது கை துணி மாதிரி மடியில கிடக்கு. வார்டுல நர்ஸா இந்த மாதிரி எத்தனை பேருக்கு வாய் துடைச்சு விட்டிருக்கேன்! என்கிட்டயேவா? அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துச்சா?

— ஈஸ்டருக்கு முந்தின நோன்பு சமயத்துல.

— நோன்பா? இந்த வீடியோ ஓணத்துக்கு வந்துச்சு! அவ்வளவு நாளா போன்ல கேட்டப்ப எல்லாம், 'காது கேக்கல, போனைப் பிடிக்க மாட்டேங்கறா'ன்னியே. அவளுக்குப் பேச்சே இல்லையா?

— இல்ல.

— அப்போ தினமும் டியூட்டி முடிஞ்சு வந்து நான் கேட்டது யார் குரல்? உன் பெண்டாட்டியோடதா? பீனா சேடத்தி! இங்கே வா!

— என் கர்த்தாவே, அடுப்புல மீன் கிடக்கு. எதுக்கு இப்படி ஊரைக் கூட்டறே?

— மாதா கோயில் பெருநாள் மேடையில, மணி அடிக்கிற கப்பியாரையும் மீன்காரியையும் மிமிக்ரி பண்ணிக் கப் வாங்கினவ நீதானே சேடத்தி? அம்மாவையும் பண்ணினியா?

— கர்த்தாவே... சொல்லிட்டீங்களா மனுஷா?

— நான் சொல்லல. இந்தப் புதுசு காட்டிக் குடுத்துடுச்சு.

— ஒரே ஒரு தடவை லின்சி. 'எனக்கொண்ணுமில்ல மோளே, நீ வேலையைப் பாரு.' அவ்வளவுதான். நம்ப மாட்டே, அழுதுட்டேதான் சொன்னேன். அந்தத் தொண்டை கரகரப்பு நடிப்பில்ல.

— அந்தக் கரகரப்பைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும் சேடத்தி. அம்மா நமக்காகத்தான் தொண்டை காய ஜெபம் பண்றான்னு நினைச்சுப்பேன்.

— சேடத்தியை விடு, நான் சொல்றதைக் கேளு. அப்போ நீ லீவு இல்லாம கிளம்பி வந்திருந்தா திரும்பக் குவைத்துக்குள்ளே விட்டிருக்க மாட்டாங்க. இந்த வீட்டுல எவன் பத்தாவது தாண்டினான்? நீ ஒருத்திதான் டிகிரி வாங்கினே. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு வந்து பீத்துணி அலசப் போறியேன்னு...

— அலசியிருப்பேன்! அதைத்தானே படிச்சேன் நான்? ஊரார் அம்மாவுக்கெல்லாம் அலசினேனே! சரி, போகட்டும். குரல் சேடத்தியோடது. முகத்தை மறைச்சது நீ. முடிவுல ஒரு கை மட்டும் வருமே, 'போ, போ'ன்னு வெளியே தள்ளுற மாதிரி? அதுவாவது அம்மா கையா?

— அம்மா கைதான். இடது கை.

— வேற யாரும் ஆட்டலையே?

— இல்ல மோளே. அவளே ஆட்டினது.

— அப்போ வாய் இல்லாட்டியும் கையால சொல்லியிருக்கா, வராதேன்னு. எனக்கு அது போதும். அதை மட்டும் ஓட்டு. அதைப் பார்த்துட்டா உங்க ரெண்டு பேரையும் மன்னிச்சாலும் மன்னிப்பேன்.

— வேண்டாம் லின்சி.

— ஏன்?

— வேண்டாம்னா விடேன்.

— சொல்லிடுங்க மனுஷா. நாளைக்குக் கல்லறையில மெழுகுவர்த்தி ஏத்தணும். இதை நெஞ்சுல வெச்சுக்கிட்டு என்னால அங்கே நிக்க முடியாது.

— பழசுல இன்னொரு வசதி இருந்துச்சு. ஓடுறதைத் திருப்பிப் போட்டு, முடிவுலேருந்து ஆரம்பத்துக்கு ஓட்டலாம். இதுல அது இல்ல. எடுத்தது எடுத்தபடிதான் ஓடும்.

— தள்ளு. நானே ஓட்டறேன்.

— லின்சி, சொன்னாக் கேளு...

— கை உள்பக்கமா வருது அச்சாச்சா. அம்மா என்னை வா வான்னு கூப்பிடறா.