காய்ந்த உப்புத்தாள்

பழைய கதவு வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத் தட்டிப் பார்ப்பார்கள், ஐயா. என்ன சத்தம் வரவேண்டும் என்று அவர்களுக்கே தெரியாது. நானும் கூடச் சேர்ந்து தட்டித் தலையாட்டுவேன். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

கடை கீழே, வீடு மேலே. இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல்களை வாங்கி, பழைய பெயிண்டைத் தேய்த்தெடுத்து விற்பேன். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது, ஆனால் மரம் காய இரண்டு நாளாகும். நான் காய்ந்த உப்புத்தாளால்தான் தேய்ப்பேன்.

புருஷன் செத்தபிறகு தங்கை தன் மூன்று வயது மகளோடு வந்தாள். மாடி அறையைக் கொடுத்தேன். படியில் படிந்த தூளில் குழந்தை விரலால் மாடு வரையும். வரைந்த விரல் வாய்க்குப் போகும். மாட்டுக்கு எப்போதும் ஆறு கால்.

"ரெண்டு கால் அதிகமா இருக்கே?"

"அது உக்கார்றதுக்கு மாமா."

மழைக்காலத்தில் குழந்தைக்கு வயிற்றுவலி வந்தது. சாப்பாடு இறங்கவில்லை, வயிறும் கட்டிக்கொண்டது.

"அண்ணா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்."

"பூச்சியா இருக்கும். அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"அடுத்த மாசமா? புள்ள சுருண்டு கெடக்குது. உன் வாயில நல்லதே வராதா?"

"சரி, அவசரக்குடுக்கை. ஒரு வாரம் பாரு."

பேரம் ஒரு வாரத்தில் படிந்தது. நாங்கள் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். கேட்டதில் பாதி கிடைத்தாலே ஜெயித்துவிட்டதாக நினைப்போம். தங்கையும் அப்படித்தான் சந்தோஷமாக மாடி ஏறினாள். வாரம் முடிந்தபோது ஒரு பூச்சி மருந்தைக் காட்டி மறுபடி பேசினேன். வாந்தி வந்தபோது ஐந்து நாளுக்குப் பேசி முடித்தோம். தெரிந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் குழந்தைக்கு மறந்தபோது மூன்று நாள். நான் இறங்கிவந்துகொண்டேதான் இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை வலிப்பு வந்தது. நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரத்தத்தில் காரீயம் என்றார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். முன்பு குடியிருந்த வீட்டுச் சுவர் என்றேன். தங்கை நம்பினாள்.

குழந்தை பிழைத்தது. பேச்சு திரும்பவில்லை. இப்போதும் அதே படியில் உட்கார்ந்து, நான் தேய்ப்பதைப் பார்க்கிறது. முதுகைத் திருப்பிக்கொண்டால் அந்தப் பார்வை பிடரியில் வந்து உட்காருகிறது.

தெரியாமல் நடந்ததா என்று கேட்டீர்கள். தெரியும். இரண்டு வருடம் முன்பு கை மரத்துப்போகிறதென்று எனக்கே ரத்தம் பார்த்தார்கள். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: பழைய பெயிண்ட் தூளில் காரீயம் இருக்கிறது, தூள் படிந்த துணியோடு வீட்டுக்குள் போகாதே. சின்னப் பிள்ளை இருந்தால் நோய் தெரியும்வரை காத்திராதே, ரத்தம் பார். வயிற்றுவலி, வாந்தி, பேச்சு குறைவது என்றால் அன்றைக்கே கொண்டுவா. வலிப்பு என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதே. குழந்தையின் ரத்தத்தைப் பார்த்திருந்தால் உங்களைப் போன்ற ஆபீசர்கள் அன்றைக்கே என் கடைக்கு வந்திருப்பார்கள், ஐயா.

டாக்டரம்மா சொன்னதை நான் கேட்காமல் இல்லை. அந்த வாரமே, தாயில்லாத என் மகனை விடுதியில் சேர்த்தேன். மாடி அறை அப்படித்தான் காலியானது.

நாளை அவன் விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிறான். அத்தையோடு மாடியில்தான் படுப்பேன் என்று அடம்பிடிக்கிறான். காரணம் சொல்லாமல் அவனைத் தடுக்க வழியில்லை.

இன்று சாயங்காலத்துக்குள் கடைக்கு சீல் வைத்துவிட முடியுமா, ஐயா?