விருச்சிகத்துக்கு ஒரு சொல்

அண்ணாச்சி, எங்கள் வீட்டில் தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது என் மனைவி சுப்புலட்சுமியின் வேலை. நான் அந்தப் பக்கமே போவதில்லை. இருபத்தாறு வருடமாக உங்கள் அச்சகத்தில் காலண்டருக்குப் புரூப் பார்க்கிறவன் வீட்டிலும் அதன் முகத்தில் விழிக்க வேண்டுமா என்ற அலுப்பு ஒரு காரணம். நாள், நட்சத்திரம், ராசிபலன் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பது இன்னொரு காரணம். எனக்குச் செழியன் என்று பெயர் வைத்த அப்பாவின் வளர்ப்பு அப்படி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படிக்கும்போது உங்களுக்குக் குழப்பம் வரக்கூடாது.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த வருடக் காலண்டரில் விருச்சிக ராசிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நான்கு மாவட்டத்து ஏஜெண்டுகளும் கடிதம் போட்டிருக்கிறார்கள். பலன் எழுதித் தரும் நாகையா ஜோசியருக்கு எழுபது தாண்டிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று நீங்கள் முடிவுகட்டி, ஆடிப் பதினெட்டோடு அவரை நிறுத்திவிடப் போவதாகச் சொல்லிவிட்டீர்கள். அவர் புத்தியில் ஒரு குறையும் இல்லை. செய்தது நான். ஏன் செய்தேன் என்பதை ஆற அமர எழுதுகிறேன். முழுக்க வாசித்தால் நீங்களே தலையாட்டுவீர்கள் என்று நினைக்கிறேன்.

எல்லாம் வாறுகாலில் தொடங்கியது. எங்கள் தெருச் சாக்கடைத் தண்ணீர் ஓடுகிற வாறுகால் உடைந்து ஒன்பது வருடம். மழை பெய்தால் தண்ணீர் தெருவுக்கு வரும், பெய்யாவிட்டால் நாற்றம் வீட்டுக்கு வரும். நாற்பத்தாறு மனு எழுதினேன். திங்கட்கிழமை மனு நாளுக்கு விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் பஸ் ஏறிப் போனேன். அங்கே மரியாதையாக வாங்கி, முறையாக எங்கள் நகராட்சிக்கே அனுப்பி வைத்தார்கள். எந்த நகராட்சியிடமிருந்து தப்பிக்க நான் அங்கே போனேனோ, அதற்கே மனு திரும்பி வந்தது.

அரசியல் என்றால் எல்லோரும் தில்லியைப் பார்க்கிறார்கள். நான் வாறுகாலைப் பார்க்கிறேன். தில்லியிலிருந்து மாநிலத்துக்கு வர வேண்டியது வராமல், மாநிலத்திலிருந்து நகராட்சிக்கு வர வேண்டியது வராமல், அத்தனை அடைப்பும் கடைசியில் என் வீட்டு வாசலில் கொசுவாக நிற்கிறது. இந்தக் கருத்தை டீக்கடையில் பலமுறை விளக்கியிருக்கிறேன். டீ மாஸ்டர் இருளாண்டி, கிளாஸைக் கொடுத்துவிட்டுப் பேசும்படி கேட்டுக்கொள்வார். மக்களிடம் அரசியல் விழிப்பு அவ்வளவுதான்.

போன வருடம் வைகாசியில் நாற்பத்தேழாவது மனுவோடு எங்கள் வார்டு கவுன்சிலர் பாண்டிமுருகன் வீட்டுக்குப் போனேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர். வார்டில் ஒரு காதுகுத்தை விடமாட்டார். மனுவை வாங்கினார், வாசித்தார், பேனா மூடியைக்கூடக் கழற்றிவிட்டார். அப்போது அவர் கண் சுவரில் தொங்கிய காலண்டருக்குப் போனது. நம் அச்சகத்துக் காலண்டர், ஒரு நகைக்கடை கொடுத்தது. பன்னிரண்டு ராசிக்கும் பக்கத்தில் ஒவ்வொரு சொல். விருச்சிகத்துக்கு நேரே 'தடங்கல்' என்று இருந்தது.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. இன்னைக்கு என் ராசிக்குத் தடங்கல்னு போட்டிருக்கு. இதுல நான் கையெழுத்துப் போட்டா ஒங்க வாறுகாலுக்குத்தான் ஆகாது. நாளைக்கு வாங்க" என்றார்.

நாளைக்கு 'விரயம்'. மறுநாள் 'அலைச்சல்'. அலைந்தது நான்.

மூன்றாம் நாள் திரும்பி நடந்து வரும்போதுதான் உறைத்தது. வருடத்துக்கு நாலாயிரத்து முந்நூற்று எண்பது சொல். அத்தனையும் என் மேஜையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகின்றன. நான் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவரை நாகையாவின் பென்சில் நடத்திக்கொண்டிருக்கிறது. நாகையாவை யார் தேர்ந்தெடுத்தார்கள்? இது மக்களாட்சிக்கே விரோதம் இல்லையா? நானாவது ஒரு வாக்காளன்.

அந்த வாரமே அடுத்த வருடத்துப் புரூப் என் மேஜைக்கு வந்தது. நாகையா நீளநோட்டில் எழுதித் தருவார், நகல் வைத்துக்கொள்ள மாட்டார். அச்சானதும் நோட்டு பழைய பேப்பருக்குப் போய்விடும். நகராட்சிக் கூட்டம் மாதக் கடைசியில் நடக்கும். ஆகவே மாதக் கடைசி நாட்களில் விருச்சிகத்தை மட்டும் மாற்றினேன். மற்ற பதினொரு ராசியில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. அந்த நேர்மை என்னிடம் உண்டு.

ஜனவரிக் கூட்டத்துக்குத் 'துணிவு' என்று போட்டிருந்தேன். பாண்டிமுருகன் எழுந்து நின்று வாறுகாலைப் பற்றி முழங்குவார் என்பது என் திட்டம். எழுந்து நின்றார், முழங்கவும் செய்தார். கூட்டத்துக்குக் கொடுக்கும் வடை வருடா வருடம் சிறுத்துக்கொண்டே போகிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. எதற்குத் துணிய வேண்டும் என்பதை ஒரே சொல்லில் எப்படி எழுதுவது? இடம் இல்லை, அண்ணாச்சி. அந்தக் கட்டத்தின் அகலம் உங்களுக்கே தெரியும்.

பிப்ரவரிக்கு 'வெற்றி'. அன்று அவர் கூட்டத்துக்கே வரவில்லை. கேரம் போட்டிக்குப் போய்விட்டார். ஜெயித்தார். மார்ச்சுக்குத் 'தியாகம்' என்று போட்டது என் வாழ்நாள் தவறு. சொந்த நலனைத் தியாகம் செய்வார் என்று எண்ணினேன். எங்கள் வார்டு வாறுகாலுக்கு ஒன்பது வருடம் கழித்து வந்திருந்த ஒதுக்கீட்டைப் பக்கத்து வார்டுக்கு விட்டுக் கொடுத்தார். மற்ற கவுன்சிலர்கள் மேஜையைத் தட்டினார்கள். பேப்பரில் போட்டோகூட வந்தது. அச்சடித்து ஊர் ஊராய்ப் போன காலண்டரை நான் திரும்பக் கூப்பிட முடியுமா? மாதா மாதம் என் கையெழுத்து என் முன்னாலேயே கிழிபடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இதற்குள் மற்ற விருச்சிகங்கள் வேறு. அவர்களை நான் கணக்கில் எடுக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். விஸ்வநத்தத்தில் ஒரு புது மாப்பிள்ளை 'துணிவு' அன்று மாமியாரின் சமையலைப் பற்றி மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டு இன்றுவரை ஓட்டலில் சாப்பிடுகிறார். எம். புதுப்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் 'ஓய்வு' அன்று பெட்டி ஒட்டுகிற பதினாலு பெண்கள் சொல்லி வைத்ததுபோல லீவு போட்டு, லோடு நின்றுவிட்டது. மல்லாங்கிணற்றில் ஒரு சம்சாரி 'தியாகம்' அன்று, இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பிக்குக் கறவை ஆட்டைக் கொடுத்துவிட்டார். மறுநாள் தாளில் 'விழிப்பு'. விடிந்ததும் ஆட்டைத் திருப்பிக் கேட்கப் போயிருக்கிறார். அந்தக் கடிதத்தை நீங்கள் வாசித்துக் காட்டியபோது நானும் உங்களோடு சேர்ந்து உச்சுக் கொட்டினேன்.

என் மனைவியும் விருச்சிகம்தான். ஏப்ரல் கடைசியில் அவளுக்குப் பல்வலி. அதே வாரம் பாண்டிமுருகன் வார்டு முகப்பில் தன் பெயரோடு ஒரு வரவேற்பு வளைவு கட்டக் கையெழுத்துப் போடுவதாக இருந்தார். அவர் மாதக் கடைசியில் இப்படி ஏதாவது செய்வார் என்று ஊகித்து, முன்கூட்டியே ஆறு நாள் தொடர்ந்து 'தடங்கல்', 'அச்சம்', 'நிதானம்' என்று மாற்றி மாற்றிப் போட்டிருந்தேன். சுப்புலட்சுமி காலையில் தாளைக் கிழிப்பாள், பார்ப்பாள், டாக்டரிடம் போகாமல் உட்கார்ந்துவிடுவாள். கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது.

"என்னங்க, நிதானம்னு போட்டிருக்கு. இன்னும் ரெண்டு நாள் பொறுத்துப் பாக்குறேன்" என்றாள் ஐந்தாம் நாள்.

அதை எழுதியது நான்தான், கிளம்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அது அவள் வாயோடு நிற்காது, தெருவுக்குப் போகும், அங்கிருந்து கவுன்சிலருக்குப் போகும். கிராம்பு வாங்கிக் கொடுத்தேன். வளைவு நின்றுபோனது. பொதுநலம் என்று இறங்கிவிட்டால் வீட்டில் யாருக்காவது பல் வலிக்கத்தான் செய்யும்.

வாறுகால் கடைசியில் சரியானது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஜூன் நடுவில் ஒரு நாள் விருச்சிகத்துக்குப் 'பயணம்' என்று இருந்தது. அது நான் போட்டதில்லை, நாகையா போட்டது. பாண்டிமுருகனுக்கு அன்று போவதற்கு ஊர் எதுவும் இல்லை. பலன் வீணாகிவிடக் கூடாதே என்று வார்டைக் கால்நடையாகச் சுற்றி வந்திருக்கிறார். என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டு வாசலில் வலது கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. தூக்கிவிட்டவர்களில் நானும் ஒருவன். அடுத்த வாரம் ஜேசிபி வந்தது. இப்போது தண்ணீர் அப்படி ஓடுகிறது. தற்செயல்தான், வேறென்ன.

இனி நாகையா விஷயம். நீங்கள் அவரை அறைக்குக் கூப்பிட்டு, வந்த கடிதங்களையும் கிழித்த தாள்களையும் முன்னால் வைத்தபோது நான் கதவோரம் நின்றிருந்தேன். மனுஷன் தாள்களைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"என் கைதான் எழுதியிருக்கும், அண்ணாச்சி. வேற யாரு எழுதுவாக? எனக்குத்தான் நெனப்பு இல்லாமப் போச்சு. செழியன் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளி அச்சேறாது" என்றார்.

நான் என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன். அன்றிலிருந்து அவர் வீட்டில் உட்கார்ந்து பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து விருச்சிகத்தை மறுபடி போட்டுப் பார்க்கிறார். மாதக் கடைசி வரும்போதெல்லாம் வேறு சொல் வருகிறது. அச்சில் இருப்பதைப் பார்க்கிறார், தான் போட்டதைப் பார்க்கிறார், அழித்துவிட்டு மறுபடி போடுகிறார். சோறு இறங்கவில்லை என்று அவர் சம்சாரம் பேச்சியம்மாள் என்னிடம்தான் வந்து அழுதார்கள். நான் தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்துவிட்டு வருகிறேன். என்னால் முடிந்தது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வார்டை, ஒரு ராசியை வைத்துப் பார்த்ததால்தான் என் முயற்சி பிசகியது என்பது எனக்கு மார்ச்சிலேயே புரிந்துவிட்டது. நோய் மேலே இருக்க, மருந்தைக் கீழே தடவினால்? ஆகவே அடுத்த வருடக் காலண்டரில் கொஞ்சம் விரிவாக வேலை செய்திருக்கிறேன். தில்லியில் பட்ஜெட் போடும் நாளில் பன்னிரண்டு ராசிக்கும் 'நியாயம்'. மனு வாங்கும் திங்கட்கிழமை அத்தனைக்கும், எல்லா ராசிக்கும், 'இரக்கம்'. ஆகஸ்ட் பதினைந்துக்குச் 'சிந்தனை'. நம் காலண்டர் தில்லிக்குப் போகிறதா என்று கேட்பீர்கள். அங்கே இட்லிக்கடை வைத்திருக்கும் நம் பக்கத்து ஆள் ஒருவர் வருடம் ஆறு வாங்கிப் போகிறார். எதையும் எங்கேயாவது தொடங்கத்தானே வேண்டும்? நாகையா எழுதியதில் நான் மிச்சம் வைத்தது ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும்தான். அன்று அரசு அலுவலகங்கள் விடுமுறை. ஆறு லட்சம் காலண்டரும் அச்சாகி, கட்டுக் கட்டாக உங்கள் குடோனில் இருக்கின்றன.

இவ்வளவுதான், அண்ணாச்சி. நாகையாவைக் கூப்பிட்டு, உங்கள் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவருக்கு அது போதும், சாப்பிட்டுவிடுவார். நிறுத்துவதென்றால் என்னை நிறுத்துங்கள்.

அவரைக் கூப்பிட்டுக் கேட்ட அன்றே இதை எழுதியிருக்கலாமே, பதினொரு நாளாக ஒரு கிழவனைத் தவிக்கவிட்டாயே என்று நீங்கள் கேட்பது நியாயம். எழுதத் தொடங்கியது அன்றேதான். கொடுக்கத்தான் நாள் பார்த்தேன். நீங்கள் கும்ப ராசி என்பது அச்சகத்துக்கே தெரியும். கும்பத்துக்கு அன்று 'கோபம்' என்று இருந்தது, அடுத்த நாள் 'பகை', அதற்கடுத்து இரண்டு நாள் 'ஆவேசம்'. சுப்புலட்சுமிக்குத் தெரியாமல் தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். இன்றைக்குத்தான் 'பொறுமை' வந்திருக்கிறது. அது நாகையா எழுதியது, அண்ணாச்சி. என் கை படாதது. நம்பலாம்.